உள்பக்கத்தில் மை நிற்கக் கூடாது

ஆகஸ்ட் 4, திங்கள்

இருபத்து நான்கு நாள் கழித்து இன்று வேலைக்குப் போனேன். கேட்டிலிருந்து என் மேஜை வரை பதினோரு பேர் கையைப் பிடித்தார்கள். எல்லாருக்கும் ஒரே முகம், வாடகைக்கு எடுத்துவந்த மாதிரி. "நாங்கெல்லாம் இருக்கறமுங் சார்" என்றார் ஸ்டோர்ஸ்காரர். இருக்கிறார்கள், தெரிகிறது. அவரவர் டிபன் பாக்ஸை வீட்டில் யாரோ கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

எச்.ஆர். பெண் இந்த டைரியைக் கொடுத்தாள். தினமும் எழுதினால் பாரம் இறங்குமாம், ஏதோ வீடியோவில் பார்த்தாளாம். கம்பெனி டைரிதான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எங்கள் சரக்கைப் பற்றி ஒரு வரி. இந்தப் பக்கத்தில் 'பாலித்தீன்: வளையும், ஒடியாது' என்று இருக்கிறது. எந்த மேதாவி எழுதினானோ. இழுத்தால் ஐந்தாறு மடங்கு நீளும், வெளுக்கும், அப்புறம் பிய்யும். லேபில் தினமும் அதைப் பிய்த்துப் பார்ப்பதுதான் வாணியின் வேலை.

வாணி என் மனைவி. கோகிலவாணி. இதே கம்பெனியில் அவள் லேப், நான் உற்பத்தி. ஜூலை 11 அன்று இறந்தாள். வேறு யாராவது எடுத்துப் படித்தால் விவரம் வேண்டுமே என்று எழுதுகிறேன்.

லைன் 2 ஓடுகிறது. பால் பாக்கெட் ஃபிலிம், ஐம்பத்தைந்து மைக்ரான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வீட்டுக்கார அம்மா ரசம் கொண்டுவந்தார். கூடவே ஒரு ஆராய்ச்சி முடிவும்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. அந்தப் பிளாஸ்டிக் காத்தயே நாள் பூரா இழுத்தா பொம்பளப் புள்ள ஒடம்பு என்னத்துக்காகும்?"

உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். எத்திலீன் என்று ஒரு வாயு. அதை இரண்டாயிரம் மடங்கு காற்றழுத்தத்தில் நெருக்கினால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீளமான சங்கிலியாகிறது. கார்பன், ஹைட்ரஜன், வேறு ஒன்றும் இல்லை. சங்கிலியில் அங்கங்கே கிளை வெடிக்கும், கருவேல முள் மாதிரி. முள்ளைக் கட்டி அடுக்க முடியுமா? அடுக்க முடியாததால்தான் அது லேசு, அதனால்தான் வளைகிறது, தண்ணீரில் மிதக்கிறது. ஆசிட் அதை ஒன்றும் செய்யாது. அதுவும் யாரையும் ஒன்றும் செய்யாது. நீங்கள் மஞ்சள் காட்டில் விரிக்கிற மூடாக்கு ஷீட் அதுதான். பண்ணைக் குட்டையில் தண்ணீர் இறங்காமல் போடுகிற விரிப்பு, சொட்டுநீர்க் குழாய், கரண்ட் வயரின் தோல், காலையில் நீங்கள் பல்லால் கடித்துத் திறக்கிற பால் கவர், எல்லாம் அதுதான்.

வாணி இறந்தது வயிற்றுக்குள் ரத்தம் கொட்டி. கரு கருப்பைக்குப் போகாமல் குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்துவிட்டது. ஆறு வாரம். கரு இருந்ததே எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. இதையும் சொன்னேன்.

"நீங்க படிச்சவீங்க. நாங்க என்னத்தக் கண்டோம்" என்று எழுந்து போனார். ரசம் கொடுத்த டப்பாவின் மூடியும் பாலித்தீன்தான். சொல்ல மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பிளான்ட் மேனேஜர் தனசேகரன் கூப்பிட்டார். எங்களிடம் ஃபிலிம் வாங்குகிற பால் பண்ணை நான்கு டன்னைத் திருப்பி அனுப்புகிறது. பாக்கெட் ஒட்டிய இடத்தில் விட்டுக்கொள்கிறதாம். வேனில் ஏற்றுவதற்குள் டப்பில் பால் நிற்கிறதாம்.

"எந்த லாட் சார்?"

"ஜூலை பதினொண்ணு" என்றார். சொன்ன பிறகுதான் தேதி உறைத்தது. பேனாவை எடுத்து மூடியைத் திறந்து திரும்ப மூடினார். "அன்னைக்கு... அன்னைக்குத்தான தம்பி?"

"அன்னைக்குத்தான் சார்."

காலையில் சென்னிமலையிலிருந்து அத்தை போன். வாணியின் அம்மா. தினமும் ஏழு மணிக்கு. "சாப்பிட்டீங்களா மாப்ளே?" "சாப்பிட்டேன்." "என்ன சாப்பிட்டீங்க?" நான் ஏதாவது பலகாரத்தின் பெயரைச் சொல்வேன். அதோடு சரி. மகள் எப்படிச் செத்தாள், அன்று என்ன நடந்தது, ஒரு கேள்வி கிடையாது. இட்லிக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்கிறார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

திரும்பி வந்த ரோல்களில் ஒன்றைப் பிரித்தேன். வெள்ளியங்கிரி கூட நின்றார். லைன் 2 ஆபரேட்டர், ஐம்பது வயது, என்னைவிட அதிகம் தெரிந்தவர், என்னைவிட எட்டுப் படி கீழே.

பாலித்தீன் மேல் எதுவும் ஒட்டாது. மையும் ஒட்டாது. அதனால் அச்சடிக்க வேண்டிய பக்கத்தை மட்டும் மின்பொறிக்குள் விட்டுச் சொரசொரப்பாக்குவோம். அதற்கு ட்ரீட்டர் என்று பெயர். ஆனால் உள்பக்கம் அப்படியே இருக்க வேண்டும். உள்பக்கத்தோடு உள்பக்கம் உருகினால்தான் பாக்கெட் ஒட்டும். ட்ரீட்டர் ரோலரில் ஃபிலிம் இறுக்கமாகப் படியாமல் நடுவில் காற்றுப் புகுந்தால் பொறி பின்பக்கத்தையும் கடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு பேனா இருக்கிறது. கோடு போட்டால், ட்ரீட் ஆன பக்கத்தில் மை நிற்கும். ஆகாத பக்கத்தில் துளித்துளியாகச் சுருண்டுகொள்ளும், சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் மாதிரி.

உள்பக்கத்தில் கோடு போட்டேன். மை நின்றது. பட்டை பட்டையாக, அழகாக நின்றது.

வெள்ளியங்கிரி ஓரத்தில் கிடந்த காலிக் குழலை உருட்டிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சரக்கு திரும்பி வந்தாலும் காரண அறிக்கை எழுத வேண்டும். அதில் 'பொறுப்பு' என்று ஒரு கட்டம். அதில் வேலையில் இருக்கிறவன் பெயரைப் போட மாட்டோம். விட்டுப் போனவன் பெயரைத்தான் போடுவோம். ரகுவரன் என்று ஒருத்தன் ஓசூருக்குப் போய் மூன்று வருடமாகிறது. ஏழு அறிக்கையில் அவன்தான் குற்றவாளி. அவன் போன பிறகு ஓடிய லாட்டுக்கும் அவன்தான் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறது. ஆடிட்டர் அதைப் படித்து டிக் போட்டு, காபி குடித்து, எங்கள் பதிவேடுகள் சிறப்பு என்று எழுதிவிட்டுப் போனார்.

நானே இரண்டு முறை ரகுவரனைப் போட்டிருக்கிறேன்.

தனசேகரன் கதவைச் சாத்தினார்.

"எனக்கும் கஷ்டந்தான் தம்பி. ஆனா சைன் வாணியோடது. லேப் ஓகேன்னு குடுத்திருக்குது. வேற யாரப் போட்டாலும் அவனைய நிறுத்தச் சொல்லுவான் பால்காரன். அந்தப் புள்ளய இனி யாரு என்ன பண்ண முடியும்?"

"ம்."

"நீயே எழுதிரு. வேற ஆளு எழுதுனா நல்லாருக்காது."

என்ன ஒரு நாகரிகம். தலையாட்டினேன். புதன்கிழமைக்குள் வேண்டுமாம்.

இந்த அறிக்கைகள் பால் பண்ணைக்குப் போவதோடு முடிவதில்லை. லேபுச் சுவரில் ஒட்டுவார்கள். புதிதாக வருகிற ஒவ்வொரு டிரெய்னியையும் முதல் நாள் அதன் முன்னால் நிறுத்திப் படிக்கச் சொல்வார்கள். யார், என்ன தப்பு, எத்தனை டன். டிரெய்னிகள் சிரிப்பார்கள். ரகுவரன் பெயர் வந்தாலே இப்போது சிரிப்பு.

ஆகஸ்ட் 9, சனி

அத்தை போன். பொங்கல் என்றேன். "நெய் விட்டீங்களா?" என்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

துணி துவைத்தேன். கூடைக்கு அடியில் அவளுடையது இரண்டு இருந்தது. அதையும் துவைத்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். பொறுப்பு: கோகிலவாணி. பணியாளர் எண் கேட்கிறது. மனப்பாடம்தான். தடுப்பு நடவடிக்கை: 'சம்பந்தப்பட்டவர் தற்போது பணியில் இல்லை.' வழக்கமாக எழுதுகிற வரி. டைப் அடித்துவிட்டு எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

பிற்பாடு லேபுக்குப் போய் அவளுடைய ரிஜிஸ்டரை எடுத்தேன். ஜூலை 11, பிற்பகல் 3.10. அவள் கையெழுத்து, கோடு போட்ட மாதிரி நேராக: 'உள்பக்கம் மை நிற்கிறது. விலகல் ஏற்கப்பட்டது.' அதாவது குறை தெரிந்தே சரக்கை விட யாரோ ஒப்புக்கொண்டார்கள். பக்கத்தில், ஏற்றவர் பெயர் என்ற கட்டம். காலி.

வாணி எந்தக் கட்டத்தையும் காலியாக விடுகிறவள் இல்லை. கேஸ் புக்கிங் சீட்டில்கூட அப்பா பெயர், தொழில் எல்லாம் எழுதுவாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கேண்டீனில் வெள்ளியங்கிரி எதிரில் வந்து உட்கார்ந்தார். வழக்கமாக உட்கார மாட்டார்.

"நான் அன்னைக்கு அந்த நேரத்துல டீ குடிக்கப் போயிருந்தனுங் சார். எனக்கொண்ணுந் தெரியாது."

"நான் ஒண்ணும் கேக்கலியே."

"கேட்டா சொல்றதுக்குத்தானுங்."

டீ குடிக்கப் போகவில்லை. ரோலருக்கு அந்தப் பக்கம் ஃபிலிம் வெட்டுகிற கத்தியோடு நின்றார், எனக்குத் தெரியும். எனக்காகப் பொய் சொல்ல ஒத்திகை பார்க்கிறார். இந்த ஊரில் இரக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. ரேஷன் கடை அரிசி மாதிரி கேட்காமலே அளந்து கொட்டுகிறார்கள்.

"அம்மிணி எங்கூட ஒருக்காலும் சண்ட போட்டதில்லீங்" என்றார். "ஒரே ஒருக்கா, நான் கையுறை போடலீன்னு வஞ்சுது. அதோட பேரு செவுத்துல ஏறோணுமா சார்?"

"அப்ப யாரு பேரு ஏறணும்?"

"நான் டீ குடிக்கப் போயிருந்தனுங்" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகஸ்ட் 13, புதன்

காலக்கெடு. நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தனசேகரன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான்கு டன் பாலித்தீனுக்கு இத்தனை பெருமூச்சு.

சரி. எழுதுகிறேன்.

ஜூலை 11 மூன்று மணிக்கு வாணி கையில் ஃபிலிம் துண்டும் ரிஜிஸ்டருமாக லேபிலிருந்து லைனுக்கு வந்தாள். வேலை இடத்தில் என்னை சார் என்றுதான் கூப்பிட வேண்டும், அது நான் போட்ட சட்டம். புருசன் பெண்டாட்டி என்று யாரும் வாய் பேசக் கூடாது. "சார், உள்பக்கமும் மை நிக்குது. லைன நிறுத்துங்க" என்றாள். நான்கு மணிக்கு லாரி. ரோலரை அப்போதுதான் இறுக்கியிருந்தேன். "இனிமே ஓடறது சரியா வரும், ஓடினது ஓரத்துலதான் இருக்கும், சைன் பண்ணு" என்றேன். "ஓரத்துல இல்லைங்க சார். நடுவுல." "வாணி, லாரி வருது."

வெள்ளியங்கிரி அப்போதுதான் அந்தப் பக்கம் குனிந்தார்.

அவள் இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று இது.

ஆகஸ்ட் 14, வியாழன்

பழைய அறிக்கையை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அந்தப் படிவத்தில் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டுக்கொள்ள வேண்டும். ஐந்தாவது ஏனில் உண்மை வரும் என்று எவனோ ஒரு மகான் கண்டுபிடித்திருக்கிறான். பாக்கெட் ஏன் ஒழுகியது, ஒட்டு பலவீனம். ஏன், உள்பக்கம் ட்ரீட் ஆகிவிட்டது. ஏன், ரோலரில் காற்று. ஏன் லைனை நிறுத்தவில்லை? லேப் நிறுத்தச் சொன்னது, உற்பத்திப் பொறியாளர் பூபதி மறுத்தார். பூபதி நான்தான். ஏன் மறுத்தார்? இந்த இடத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 'லேப் சொன்னதைக் காதில் வாங்கவில்லை' என்று எழுதினேன்.

ரிஜிஸ்டரில் காலியாக இருந்த கட்டத்தில் என் பெயரை எழுதி, இன்றைய தேதி போட்டு, கையெழுத்துப் போட்டேன்.

தனசேகரன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி படித்தார்.

"கிறுக்கா தம்பி உனக்கு? உம் பேரப் போட்டா உன்னைய நாந் தூக்கோணும்."

"தூக்குங்க சார்."

"போன புள்ள பேரப் போட்டா யாருக்கும் நட்டமில்ல. எல்லாம் யோசிச்சுத்தான் சொன்னேன்."

"எனக்குத் தெரியும் சார். நானும் ரெண்டு தடவ ரகுவரனப் போட்டிருக்கறேன்."

"ஒண்ணு தெரிஞ்சுக்கோ. நீ போயிட்டீன்னா அடுத்த மூணு வருசத்துக்கு இங்க எது கெட்டாலும் உம்பட பேருதான் ஏறும்."

"ஏத்துங்க. அவ பேரு மட்டும் வேண்டாம்."

என்னை முறைத்துக்கொண்டே ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட்டார். கடைசிப் பக்கத்தில் பேனா எழுதவில்லை. என் பேனாவைக் கொடுத்தேன். இந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொன்னார். நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷர்களாலேயே இந்தக் கட்டிடம் நிரம்பியிருக்கிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். மிட்டாய்.

ஆகஸ்ட் 16, சனி

காலை ஏழு மணிக்கு அத்தை போன் வரும் முன்பே பஸ் ஏறிவிட்டேன். சென்னிமலை. போன் வந்தபோது அவர் வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே அவர் கையில் போன், வெளியே என் பையில் அடிக்கிறது.

"வாங்க மாப்ளே" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. தோசைக்கல்லைப் போட்டார்.

பழைய ஆள் இல்லை, ஒல்லியாகிவிட்டார். வாணியின் போட்டோவுக்குக் கட்டியிருந்த மாலையைப் பாலித்தீன் கவர் போட்டு மூடிவைத்திருந்தார், தூசி படாமல். வெயிலில் மஞ்சளாகிவிடும், நான்கு மாதம் தாங்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அடுப்பங்கரை வாசலில் நின்றே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

"அன்னைக்கு மூணு மணிக்கே வயிறு வலிக்குதுன்னு எங்கிட்டச் சொன்னா அத்தை. நாந்தான் கண்டுக்கல. கேண்டீன்ல ஓம வாட்டர் வாங்கிக் குடின்னேன். சாயங்காலம் வரைக்கும் லேபுலயே உக்காந்திருந்தா. வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்துல மயங்கிட்டா. மூணு மணிக்கே கூட்டிட்டுப் போயிருந்தா..."



அத்தை தோசையைத் திருப்பவில்லை. கருகுகிற வாசனை வந்தது. செருப்பால் அடிப்பார், அல்லது அலறுவார் என்று இருந்தேன். இரண்டில் எதுவானாலும் சரி என்றுதான் பஸ் ஏறினேன்.

"உங்ககிட்டச் சொன்னாளா?" என்றார்.

"சொன்னா அத்தை."

"நெசமாலுமா?"

"ஆமா."

அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "ரெண்டரைக்கு எனக்குப் போன் பண்ணுனா மாப்ளே. அடிவயித்துல சுருக்குச் சுருக்குங்குதும்மா, அவீங்ககிட்டச் சொல்லட்டுமான்னு கேட்டா. நாந்தான், வேல செய்யற எடத்துல போயி அவீங்களத் தொந்தரவு பண்ணாதே, கேஸா இருக்கும், மோருல பெருங்காயம் போட்டுக் குடின்னு சொல்லிப்புட்டேன். ஒரு மாசமா இதத்தான் நெனச்சுக் கெடக்கறேன். எம்பேச்சக் கேட்டுத்தான் எம்புள்ள வாயத் தொறக்காமச் செத்துதுன்னு. தெனமும் உங்களுக்குப் போனப் போடுவேன். கேக்கலாம்னு. சாப்பிட்டீங்களாங்கறதுக்கு மேல வாயி வராது."

நான் அடுப்பங்கரைக்குள் வந்தேன்.

"சொல்லீட்டா" என்றார். "நான் வேண்டாம்னு சொல்லியும் சொல்லீட்டா."

அழுதார். அவர் அழுகிற விதத்தை நான் காரியம் நடந்த நாட்களில் நிறையப் பார்த்திருக்கிறேன், நிறையத் திட்டியும் இருக்கிறேன், மனசுக்குள். இது அது இல்லை. வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

"என்ன சொன்னா மாப்ளே? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சொன்னேன். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடி, ஆட்கள் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள். "மாமா, வயிறு ஒரு மாதிரி புடிச்சு இழுக்குது மாமா." லைனில் வைத்து அப்படிக் கூப்பிட்டது அது ஒரே தடவை. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், இங்கே சார் என்றேன், அப்புறம் ஓம வாட்டர் என்றேன். அதையும் சொன்னேன். எதையும் விடவில்லை.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தார். 

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார்.

கீழே உட்கார்ந்து, இன்னொரு முறை சொன்னேன்.